கருகமணிக் கம்பி

என் மகள் மணிவளையல் செய்யக் கம்பி நுனியைக் குறடால் முறுக்கும்போது எழும் அந்தக் கிறீச் ஒலியைக் கேட்டால், இப்போதும் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. காஹாங் ஊர்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த, இன்று வெறும் செம்பனைக் காடாகிவிட்ட ரப்பர் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளும், ரப்பர்ப்பால் புளித்த வாடையும், வெயிலில் படபடக்கும் தகரக் கூரையும் திரும்பி வந்துவிடுகின்றன.

அப்பா காய்ச்சலில் நினைவு தப்பித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மாவின் தாலி கோத்திருந்த கருகமணிச் சரம் அறுந்துவிட்டது. கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் கட்டிப் போட்டுக்கொண்டுதான் தாலியைக் கழற்றினாள். என்றாலும், தாலி கழுத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கெட்ட சேதி வந்துவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்பியிருந்தது. மணிகள் நழுவாதபடி அவள் செம்புக் கம்பியின் நுனியை வளைத்து முறுக்க, மறுமுனையை நான் பிடித்திருந்தேன்.

"வுட்றாதடி."

அப்போது ஆஸ்பத்திரி ஆள் வாசலில் வந்து நின்றார். "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு…"

"இருங்க தம்பி, ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

முறுக்கினாள், நுனி குத்தாமல் மணிக்குள்ளேயே மடக்கினாள், கண்ணில் ஒற்றிக் கழுத்தில் போட்டாள்; அவ்வளவு நேரமும் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இப்ப சொல்லுங்க."

"கண்ணு முழிச்சிட்டாருக்கா. கஞ்சி கேக்குறாரு."

அதுவரை கல்லாயிருந்த அம்மா அப்போதுதான் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. நான்தான் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.