வாசலைப் பார்த்த ஆடு

பல் துலக்குவதற்கு முன்பே நாணயப் பெட்டியின் முன்னால் போய் நின்றுவிடுவார் லிஃப்ட் மெக்கானிக். எலி, மாடு, புலி, முயல் என்று கண்ணாடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பன்னிரண்டையும் பார்த்து முடித்தால்தான் மனிதருக்கு மூச்சே வரும்.

சீனக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு விலங்கு. அந்தந்த வருஷம் வெளியாகும் வெள்ளி நாணயத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் பொறுமையாகக் காத்திருந்து சேர்த்தவர். மரப்பலகையில் பன்னிரண்டு வட்டக் குழிகள், மேலே கண்ணாடி மூடி, அதற்கொரு பூட்டு. எல்லா விலங்கும் சன்னலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று தலையைத் திருப்பினால்தான் வம்பு.

ஒருநாள் காலை புலி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. புலி வருஷத்தில் பிறந்த அண்ணன் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அடுத்து நாய் திரும்பியது. இவரோடு இருபது வருஷம் வேலை பார்த்த வெல்டர், பாவம், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

தையல் கடை வைத்திருக்கும் மனைவி இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. "லாரி போனா தம்ளரே நகருது, காசு நகராதா? போங்க, போய்க் குளிங்க!"

வேலையில் அவருக்குப் பயம் என்பதே கிடையாது. பழுது பார்த்த லிஃப்டில் வேறு யாரையும் முதலில் ஏறவிட மாட்டார். "மொதல்ல நான். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் நீங்க" என்று தனியாக ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

இன்று காலை ஆடு திரும்பியிருந்தது. ஆடு, மனைவி பிறந்த வருஷம்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "ஆடுன்னா ஆடத்தானே செய்யும்!"

சிரிப்பு பாதியிலேயே இருமலானது. ஒரு மாதமாக விடாத இருமல். எக்ஸ்ரே முடிவு வாங்க இன்றைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆட்டைச் சன்னல் பக்கம் திருப்பிவைத்துப் பூட்டினார். குனிந்து செருப்பை மாட்டி நிமிர்வதற்குள் அது மறுபடியும் வாசலைப் பார்த்தது. தெருவில் லாரி எதுவும் போகவில்லை.

"ஏங்க, எவ்வளவு நேரம் வாசல்லயே நிக்கிறது? நான் கெளம்பட்டுமா?"

அவசரமாகப் பூட்டைத் திறந்தார். ஆட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் குழியில் இருந்தது குதிரை, அவர் பிறந்த வருஷம். அதை எடுத்து ஆட்டின் குழியில் வைத்தார்.

"இரு, மொதல்ல நான்" என்றபடி, கட்டைவிரலால் குதிரையின் தலையை மெதுவாக வாசல் பக்கம் திருப்பினார்.