முதலில் அவள் காதுக்கு

உங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றிய செய்தி உங்களுக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்தால் பொறுத்துக்கொள்வீர்களா?

இந்தோனேசியாவின் சோலோ நகரத்து மசாஜ் நிலையமொன்றில் வேலை செய்யும் பார்த்தினா பொறுத்திருக்கிறாள். பிறவியிலேயே பார்வையில்லை. பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தவளுக்கும் கடைசியில் முதுகு பிடிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். கண் தெரியாதவளுக்கு வேறென்ன வேலை என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று பக்கத்து அறை கீத்தோவிடம் வாசிக்கக் கொடுத்தாள். உரக்க வாசித்தார். அவளுக்கு முன்னால் செய்தி சந்து முனைக்குப் போயிருந்தது; அங்கே சோயா டெம்பே பொரித்து விற்கிறவள் அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

இப்போது மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது ஆஸ்பத்திரி. அவளுடைய பழைய மடிக்கணினி எழுத்தை வாசித்துச் சொல்லும்; படம் என்றால் வாயை மூடிக்கொள்ளும்.

படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் நிரலொன்று இலவசமாகக் கிடைத்தது. அதில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் கிடையாது. டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி தட்டினால் போதும். மவுஸைத் தேடி அலைய வேண்டாத அந்த இடம் அவளுக்குத் தோதானது. இறக்கினாள், நிறுவினாள், நிரலின் பெயரைத் தட்டினாள். அப்படியொரு கட்டளை தெரியாது என்றது கணினி. வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்தாள். "இந்தப் பிழை வந்தால் கீழே காட்டியபடி செய்யவும்" என்று வாசித்த குரல், அடுத்து "படம்" என்றது. மறுபடியும் "படம்."

படத்தை வாசிக்கும் கருவியை ஓடவைக்கும் வழியைப் படமாகவே போட்டிருந்தார்கள்!

மூன்று நாள் முட்டிப் பார்த்துவிட்டு, கீத்தோவைக் கூப்பிட்டாள். அந்த ஊரில் அக்காவை 'ம்பா' என்றும் அண்ணனை 'மாஸ்' என்றும் அழைப்பார்கள்.

"என்ன ம்பா, கம்ப்யூட்டருக்கும் முதுகு பிடிச்சுவிடறீங்களா?"

"ஆமா மாஸ், உங்களை மாதிரி அது முனகாது. இந்தப் படத்துல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எதுக்கு இந்தப் பாடு? ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னு தெரியும். கடுதாசி வந்திருக்கும்ல? திறங்க, அரை நிமிஷத்துல படிச்சுடறேன்."

"படம் மட்டும் போதும் மாஸ்."

அவர் வாசித்தார்: நிரல் இருக்கும் கோப்புறையை, டெர்மினல் தேடும் இடங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும்; பிறகு டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். வரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச்சொல்லித் தட்டினாள்.

"அவ்வளவுதானா?" நகராமல் நின்றார்.

"அவ்வளவுதான். கதவைச் சாத்திட்டுப் போங்க."

மூடித் திறந்தாள். பெயரைத் தட்டியதும் நிரல் பதில் சொன்னது. ஆஸ்பத்திரியின் படத்தைக் கொடுத்தாள். பிரிந்து வந்த எழுத்தை, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல வாசித்தது குரல். பெயர், வயது, பிறகு, "புற்றுநோய் அணுக்கள் காணப்படுகின்றன."

இன்னொரு முறை கேட்டாள். அறையில் யாருமில்லை, சுவருக்கு அப்பால் கீத்தோவின் தொலைக்காட்சி சிரித்தது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவள் கையில் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது.

வழிகாட்டி எழுதுகிறவர்களே, இன்றே உங்கள் பக்கத்தைத் திறங்கள். தட்ட வேண்டிய வரியைப் படத்திலிருந்து எடுத்து எழுத்தாகப் போடுங்கள்.