ஆந்தைக்கு ஏற்ற லென்ஸ்

ஆனேக்கல் பக்கத்துப் பாறைக்குன்றில் ஒரு கொம்பன் ஆந்தை இருந்தது. விடியும் நேரத்தில் பாறை விளிம்பில் வந்து உட்காரும். வெயில் ஏறினால் இடுக்குக்குள் போய்விடும். பள்ளியில் உயிரியல் நடத்தும் எனக்கு அதை ஒரு நல்ல படமாவது எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. லென்ஸ் வாங்கப் போனபோது கணவரும் கூட வந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

"விடியக்காலை மங்கல் வெளிச்சத்துல ஆந்தை எடுக்கணும். எது சரியா வரும்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "சார், பெரிய லென்ஸ்லாம் மேடத்துக்குக் கை தாங்காது. இது லைட் வெயிட்."

"வாங்கப் போறது நான்தாங்க. என்கிட்ட சொல்லுங்க."

"ஷ்யூர் மேடம்," என்றவர் மறுபடி அந்தப் பக்கமே திரும்பினார். "வாரன்ட்டி இருக்கு சார்."

லென்ஸின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத என் கணவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். அலுத்துப்போய் அதையே வாங்கினேன்.

அந்த வாரமே ஆந்தை கண்ணில் பட்டது. எடுத்த படங்களிலோ கரியைப் பூசியதுபோல ஒரே இருட்டு. அந்த லென்ஸுக்குள் போதிய வெளிச்சம் நுழையவே இல்லை.

மறுபடி தனியாகப் போனேன்.

"சார் வரலையா மேடம்?"

"அந்தப் பெரிய லென்ஸை எடுங்க."

கடை வாசலில் நின்று, எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த பருந்தை நோக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தோள் நடுங்கத் தொடங்கியது.

"அன்னைக்கே சொன்னேன்ல மேடம்."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கூடுதல் எரிச்சல். வெளிச்சத்தைப் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் பெரியதையே எடுத்து வந்தேன்.

துணிப்பையில் ராஜ்மாவை நிரப்பிப் பாறைமேல் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினேன். தோள் தப்பித்தது. ஆனால் ஆந்தையைக் காணோம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. ஒருநாள் திடீரென்று வந்து உட்கார்ந்து என்னையே முறைத்தது. ஆரஞ்சுக் கண்ணும் கொம்பு மாதிரி நின்ற இறகும் அப்படியே படத்தில் விழுந்தன.

கணவர் பெருமையோடு அதைக் குடும்ப குரூப்பில் போட்டார். உடனே என் பெரியம்மாவிடமிருந்து பதில்: "மாப்பிள்ளை கலக்குறாரே!"

"நான் எடுக்கலை, அவதான் எடுத்தான்னு போட்டுடறேன் இரு," என்றார் கணவர். போட்டார்.

"எவ்வளவு தன்னடக்கம் பாருங்க," என்று பெரியம்மா எழுதினார்.