கண்டக்டர் மலை ஏறிய கதை

பத்தொன்பது வருஷமாக ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த மனுஷனைப் பார்த்து, உனக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னால் கோபம் வருமா வராதா? நம் கண்டக்டருக்கு வந்தது. சொன்னது மனைவி. போன மாதம் வீட்டுப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. எடையைக் குறைத்தால் போதும் என்றார் டாக்டர். மனைவிக்குப் போதவில்லை. டிப்போ ஆபீஸ் வேலைக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள்.

"நாற்காலியில உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும். எனக்கு ஜனங்க மூஞ்சியப் பாக்கணும்" என்றார்.

"அப்ப ஊருக்கு வெளியில இருக்கிற மலை உச்சிக்கு ஏறி, அங்கேருந்து போன் பண்ணுங்க. அப்புறம் மாற்றல் பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் கிளம்பினார்கள்: கண்டக்டர், அவர் பஸ்ஸின் டிரைவர், டிப்போ மெக்கானிக். கோடை வெயில் மண்டையைப் பிளந்தது. பாறையில் கை வைத்தால் சுரீர் என்றது. கால்வாசி தூரத்திலேயே கண்டக்டருக்கு நாக்கு தள்ளிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல மானம் விடுமா? பாக்கெட்டிலிருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். முன்னால் போன டிரைவர் சட்டென்று நின்றார். ஒரு விசிலுக்கு நிற்கவும் இரண்டுக்குக் கிளம்பவும் அந்தக் கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னப்பா?"

"மெக்கானிக்குக்குக் கால் வலிக்குதாம்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் மெக்கானிக்.

"சொல்லல. மூஞ்சியில தெரியுது."

இப்படியே பதினோரு தடவை. பாவம் மெக்கானிக், ஒவ்வொரு தடவையும் வலிக்காத காலை நீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

உச்சிக்கு இருபதடி கீழே கண்டக்டர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஊதக்கூட மூச்சில்லை. "என்னால ஆகாது. நீங்க போங்க" என்றபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே டிரைவர் நின்ற இடத்திலேயே நின்றார். "விசில் வராம வண்டி எடுத்துப் பழக்கமில்ல எனக்கு."

"வெயில்ல சுருண்டு விழப்போற. போய்யா."

டிரைவர் அசையவில்லை. மெக்கானிக்கும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் மொட்டை வெயிலில் வதங்குவதைக் கண்டக்டரால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினார். அவர்களை எட்டியதும் இரண்டு விசில், ஈனஸ்வரத்தில். மூவரும் சேர்ந்து உச்சியில் கால் வைத்தார்கள்.

காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. டிரைவர் மல்லாக்கப் படுத்தார். "உனக்காக நின்னேன்னா நெனச்ச? எனக்கே கால் நகரலய்யா."

கண்டக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே வீட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மனைவி அவருடைய மூச்சையும் சிரிப்பையும் கேட்டாள். பிறகு விசாரித்தாள்:

"நாளைக்குக் காலை வண்டியா, மதிய வண்டியா? சாப்பாடு கட்டணுமே."