வளைகாப்பன்று ஒரு மருந்துப் பரீட்சை

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மருமகளைக் குறை சொல்லாத மாமியார் நான் ஒருத்திதான். அதற்கே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நான் "கீது" என்றால் அவள் "இருக்கிறது" என்று எழுதுகிறாள். மனிதர்கள் பேசுகிற இடத்தில் மட்டுமாவது அப்படியே விட்டுவிடடி என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையில் அவளும் இருக்கிறாள், வயிற்றுக்குள்.

ஷேர் ஆட்டோக்கள் பெருகிவிட்ட காலம் அது. என் மகன் மணலியில் டேங்கர் லாரி ஓட்டினான். நான் தேரடிப் பக்கம் ஆப்பக் கடை போட்டிருந்தேன். மருமகள் மருந்துப் படிப்பு படித்தவள். ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்கு வேலை. சீட்டை வாங்கு, மாத்திரையை எடு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல், அடுத்த ஆளைக் கூப்பிடு. அவளுக்கு அது போதவில்லை. டாக்டர்களோடு வார்டுக்குள் போக வேண்டும், படுத்திருக்கிறவருக்கு இந்த மருந்தோடு அந்த மருந்து சேருமா, அளவு கூடுதலா குறைவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதற்கென்று வெளிநாட்டு வாரியம் ஒன்று நம் ஊரிலேயே பரீட்சை வைக்கிறதாம். மருந்து வேலையில் சில வருடம் இருந்தவர்கள்தான் எழுதலாம். தேறினால் வார்டுக்கு அனுப்புகிறேன் என்று அவளுடைய மேலதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார்.

"அதான் படிச்சி முட்ச்சிட்டியே, இன்னும் இன்னாத்துக்குமே பரீட்ச?" என்று கேட்டேன்.

"கண்ணுக்கு ஒரு டாக்டரு, எலும்புக்கு ஒரு டாக்டரு இல்ல அத்த? அதே மாதிரிதான் எங்கள்லயும்."

"அப்ப நீ எதுக்கு?"

"ஒரே ஆளு நாலு மாத்திர போட்டா, நாலும் உள்ள போயி சண்ட போடாம பாத்துக்கறதுக்கு."

"நாலு மருமவ கீற வூட்ட பாத்துக்கற மாதிரியா?"

"ஆமா அத்த, ஆனா மாத்திர சொன்னா கேக்கும்" என்றாள். வாய் கொஞ்சம் நீளம்தான். எனக்கு அது பிடிக்கும்.

நான் விடியற்காலையில் மாவு கரைக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும். தெருப் பெண்களை மாத்திரைப் பையோடு வரச்சொல்லி, தரையில் கொட்டிப் பார்ப்பாள். கோடி வீட்டு பாயம்மாவின் பையில் மஞ்சள் மாத்திரை ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டு டாக்டர் தனித்தனியாகக் கொடுத்தது. "ரெண்டும் ஒரே மருந்து பாயம்மா, பேர்தான் வேற. அதான் உங்களுக்கு மயக்கமா வருது" என்று சொல்லி, அவர்களைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒன்றை நிறுத்தினார். பாயம்மா பிரியாணி கொடுத்தனுப்பினார்கள். அந்த அம்மா கைப் பிரியாணிக்கு நான் அடிமை. சரி, அது வேறு கதை.

இதற்கு நடுவில் மருமகள் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. என் சம்பந்தி, புளியந்தோப்புக்காரி, ஜோசியரிடம் நாள் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மாதத்தில் பெண்ணின் நட்சத்திரத்துக்கு ஒத்து வந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்ணூர் வரைக்கும் பாக்கு வைத்துச் சொல்லியாகிவிட்டது. அப்புறம்தான் மருமகள் வாயைத் திறந்தாள். பரீட்சையும் அதே ஞாயிறு. அதைத் தவற விட்டால் அடுத்த வருடம்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் எங்கே படிப்பது? முகம் இத்தனூண்டாகச் சுருங்கிப்போனது.

"பரீட்ச மதியமா காலயிலயா?" என்றேன்.

"காலயில பத்து மணிக்கு, அந்தாண்ட நுங்கம்பாக்கத்துல."

"அப்ப ஆறு மணிக்கு வளையல் அடுக்கிடலாம்."

சம்பந்தி எகிறினாள். "வளையல் போட்ட பொண்ணு நேரா அம்மா வூட்டுக்குத்தான் வரணும் சம்பந்தியம்மா! நடுவுல எங்கியும் எறங்கக் கூடாது!"

"நேராத்தான் வர்றா. ஆட்டோகாரன் கொஞ்சம் சுத்தி வருவான்."

"கொஞ்சமா? நுங்கம்பாக்கம் சுத்தியா?"

"நம்மூரு ஆட்டோகாரன் என்னிக்கு நேரா போனான்?"

சம்பந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக வளைகாப்பு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளிசாதம் எல்லாம் அண்டா அண்டாவாக. தெருவே வந்து ஆளுக்கொரு வளையல் போட்டதில் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனத்தோடு அவளை ஆட்டோவில் ஏற்றி, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

பரீட்சை நடக்கிற கட்டடத்து வாசலில்தான் வினை. மேற்பார்வை பார்க்க வந்த ஒருவர் கைகளைப் பார்த்தார். "இந்தச் சத்தம் மற்றவங்களுக்குத் தொந்தரவாயிருக்கும்மா. கழட்டி வெச்சிட்டு வாங்க."

மருமகள் வளையலில் கையை வைத்தாள். சம்பந்தி அலறினாள். "தொடாதடி! புள்ள பொறக்கற வரைக்கும் அத கழட்டக் கூடாது!" அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "சார், உங்க வூட்ல பொம்பளைங்க இல்லியா? வளையல் சத்தம் வவுத்துல கீற புள்ளைக்குக் கேக்கணும் சார்!"

"புள்ளைக்குக் கேட்கட்டும்மா. உள்ளே இருக்கிறவங்களுக்குக் கேட்கக் கூடாதே" என்றார் அவர். பாவம், அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மருமகள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். கழட்டு என்று நான் சொன்னால் கழட்டியிருப்பாள். ஆனால் அம்மாவின் மனசு உடைந்துபோயிருக்கும். கழட்டாதே என்றால் பரீட்சை போச்சு. எதிரே ஒரு மருந்துக்கடை தெரிந்தது. அவ்வளவுதான், சாலையைக் கடந்து ஓடினேன். கட்டுப்போடும் துணி இரண்டு சுருள் வாங்கி வந்தேன். பரீட்சைக் கட்டடத்தில் இருந்த ஒரு பெண் மேற்பார்வையாளர், கைகளை நன்றாகச் சோதித்துவிட்டு, வளையல்களோடு சேர்த்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இறுக்கமில்லாமல் தானே சுற்றிவிட்டார். "ஆட்டிக் காட்டு" என்றார். ஆட்டினாள். சத்தமே இல்லை. இரண்டு கையும் ஒடிந்தவள் மாதிரி, பூவும் சந்தனமுமாக உள்ளே போனாள்.

நாங்கள் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். வாசல் காவலாளிக்கும் கொடுத்தோம். சம்பந்தி ஒரு வாய் உண்பாள், கதவைப் பார்ப்பாள். "பாஸ் பண்ணிடுவாளா சம்பந்தியம்மா?" கழட்டக் கூடாது என்று குதித்தவள்தான் கேட்டாள்.

வெளியே வந்தவள் சிரிக்கவில்லை. துணி சுற்றியதில் கை மடங்கவில்லையாம். விடைக்குப் பென்சிலால் வட்டம் வட்டமாக நிரப்ப வேண்டுமாம். நேரம் பிடித்ததில் கடைசிக் கேள்விகளை அவசரமாகப் போட்டுவிட்டாளாம். "போயிருக்கும் அத்த" என்றாள். ஆட்டோவில் நான் அவள் கைத்துணியைப் பிரித்தேன், புளியந்தோப்பு வரைக்கும் வளையல் குலுங்கிக்கொண்டே போனது.

பேத்தி பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மருமகள் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், முடிவு வந்திருக்கும், பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வா என்று மகனை அனுப்பினோம். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். மருமகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

"இன்னாடா ஆச்சி?"

"யம்மா, இனிமே இவ ஜன்னலாண்ட ஒக்கார முடியாதாம்."

"அய்யய்யோ, வேல போச்சா?"

"வார்டுக்குப் போவணுமாம்!"

கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று போட்டேன் அவனை. மருமகள் அழுதாள், சிரித்தாள். பால் குடித்துக்கொண்டிருந்தது பயந்து வீறிட்டது. சம்பந்திக்குப் போன் போட மகன் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான்.

அன்று சாயந்தரம் அவளைக் கேட்டேன். "இத்தோட முட்ஞ்சிதா கண்ணு?"

"இல்ல அத்த. சில வருசத்துக்கு ஒருக்கா எனக்கு எல்லாம் தெரியும்னு திரும்பக் காட்டணும். புது மருந்து வந்துகினே இருக்கில்ல?"

"அப்ப மாத்திர அட்டைல போட்ட மாதிரி ஒனக்கும் தேதி போட்டுக்கீறானுங்க?"

"ஆமா அத்த."

"போட்டுக்கட்டும். பொஸ்தகத்த எடு, புள்ளைய இப்டி குடு" என்று வாங்கிக்கொண்டேன்.