மேரை போக மிச்சம்

நாகரசம்பட்டி கிருஷ்ணப்பனுக்குப் புதுசு என்று ஏதாவது ஊருக்குள் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஊரில் முதல் சைக்கிள் அவருடையது. ஏறத் தெரியாத காலத்திலும் அதைத் தள்ளிக்கொண்டே சந்தைக்குப் போய் வந்தார். முதல் பெட்ரோமாக்ஸ் விளக்கும் அவருடையதுதான். ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அதே விளக்கை இரவல் கேட்டு வந்து நின்றபோது, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

அதனால் ஐம்பத்து மூன்றாம் வருஷம் மெட்ராஸிலிருந்து ஓர் உரக் கம்பெனி ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கி, "இங்கே முன்னேற்றமான விவசாயி யார்?" என்று கேட்டபோது ஊரே அவர் வீட்டைக் கைகாட்டியது. கேலியாகத்தான் காட்டியது. அது ஆபீசருக்கு எப்படித் தெரியும்?

"உங்கள் ராகிக் காட்டைப் பாதியாகப் பிரிப்போம்" என்றார் ஆபீசர். "ஒரு பாதிக்கு எங்கள் உரம். மறு பாதிக்கு ஒன்றுமே கிடையாது. அறுத்து அளந்தால் உண்மை தானாக வெளியே வந்துவிடும். இதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்."

கிருஷ்ணப்பன் தலையாட்டினார். மோரைக் குடித்துவிட்டு ஆபீசர் அடுத்ததைச் சொன்னார். "உண்மை நம் பக்கம் வந்தால் போச்சம்பள்ளி ஏஜென்சி உங்களுக்குத்தான். உங்கள் பெயரில் கடை, உங்கள் பெயரில் போர்டு."

உண்மை அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும் என்று கிருஷ்ணப்பன் கேட்கவில்லை. ஆபீசரும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. மெட்ராஸில் மனைவி முழுகாமல் இருந்தாள். நல்ல முடிவோடு போனால் அங்கேயே மாற்றல் தருவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். வயலில் விதை விழுவதற்கு முன்பே விடை இன்னதாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான் தப்பு.

சீனிபோல வெள்ளை வெளேரென்று இருந்த அந்த உரம் காட்டில் விழுந்ததும் போச்சம்பள்ளியில் ஒருவருக்குப் பிழைப்பைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. சாந்த் பாஷா அங்கே கடலைப் புண்ணாக்கு வியாபாரி. சுற்றுவட்டாரத்துக் காடுகளுக்கு எருவாகப் போவதெல்லாம் அவர் கடைப் புண்ணாக்குதான். அவர் சந்தையில் புண்ணாக்கை நிறுத்துக்கொண்டே சும்மா ஒரு பேச்சை விட்டார்.

"அந்த உப்பு போட்ட ராகியைத் தின்னா வயித்துல கல்லு கட்டுதாம். மெட்ராஸ் பக்கம் பேசிக்கிறாங்க."

வாணியம்பாடியைத் தாண்டி பாய் ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு அவருக்கு முன்னாலேயே நாகரசம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தை மாதம் களத்தில் ராகி அடித்துத் தூற்றி இரண்டு குவியலாகக் குவித்தார்கள். இதில் ஒரு குச்சி, அதில் ஒரு குச்சி, குச்சியில் அட்டை. ஒன்றில் 'உரமிட்டது', மற்றதில் 'உரமிடாதது'. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரிந்தன. வள்ளப் படியைப் போட்டு அளக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் களத்தில் எடுத்ததும் அளந்துவிட முடியாது. முதலில் மாரியம்மனுக்கு. பிறகு முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், கொழு அடித்துக் கொடுத்தவர், ஏர் செய்து கொடுத்தவர், அறுத்தவர்கள் என்று வருஷமெல்லாம் உழைத்த எல்லோருக்கும் பங்கு. அதற்கு மேரை என்று பெயர். மேரை போன பிறகுதான் வள்ளம் குவியலைத் தொடும். மேரை கொடுக்காமல் அளந்தவன் என்று பெயரெடுத்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள்.

பூசாரி ஆஞ்சப்பன் முறத்தோடு வந்தார். உரமிட்ட குவியலைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் போய் உரமிடாத குவியலில் அம்மனுக்கு அள்ளிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே போய் நின்றார்கள். துணி வெளுக்கிற வீட்டு மாரம்மாவைக் கிருஷ்ணப்பன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் குவியல்ல எடுத்துக்கினா இன்னா?"

"எம் புள்ளைங்க வயித்துக்கு வேணாங்க" என்றாள் மாரம்மா. "நீங்க தின்னு பாருங்க. நல்லா இருந்தீங்கன்னா அடுத்த வருசம் வாங்கிக்கறேன்."

முழுக் காட்டுக்கும் உண்டான மேரை ஒரே குவியலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கிருஷ்ணப்பன் முட்டாள் இல்லை, கண்ணெதிரே குவியல் இறங்குவது தெரிந்தது. "சார், இது சரியான அளவு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாம் என்று திரும்பினார். ஆபீசர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இவர்கள் எல்லாம் யார்?" என்று கேட்டார் ஆபீசர்.

"ஊர் வழக்கம் சார். பங்கு வாங்கிட்டுப் போறாங்க."

"நல்ல வழக்கம்" என்று சொல்லிவிட்டு, ஆபீசர் கட்டிலில் மறுபக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மாந்தோப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அவரும் முட்டாள் இல்லை. கிருஷ்ணப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்த வார்த்தை அங்கேயே தங்கிவிட்டது. போச்சம்பள்ளிச் சாலையில் தன் பெயர் எழுதிய போர்டு மனசுக்குள் தெரிந்தது.

அளந்தார்கள். உரமிட்டதுதான் ஜெயித்தது, சும்மா இல்லை, அமோகமாக. வாத்தியாரிடம் இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு பெரிய குவியலுக்குப் பக்கத்தில் கிருஷ்ணப்பன் நின்றார். போட்டோ பிடித்தார்கள். ஆபீசர் மெட்ராஸுக்குப் போனார். போச்சம்பள்ளியில் போர்டு ஏறியது. போட்டோவைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், மேரையைத் தங்கள் கூடையில் தூக்கிக்கொண்டு போனவர்களே கடைக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு வித்தியாசம்" என்று வாயைப் பிளந்தார்கள்.

நாளெல்லாம் "ஒண்ணுக்கு ரெண்டு வெளையும்" என்று சொல்லிச் சொல்லிக் கிருஷ்ணப்பனுக்கு அது பழகிப்போனது. சித்திரையில் தங்கை நஞ்சம்மா வரும் வரை.

நஞ்சம்மாவை ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் செத்துப்போய்விட்டான். ஒரு காடு, ஒரு மந்தை ஆடு, இரண்டு பெண் குழந்தைகள். அவள் கடைக்குள் வந்து படத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டோ கெடக்கட்டும் அண்ணா. நீ சொல்லு. போட்டா வெளையுமா? மூட்டை எடுக்கணும்னா ஆடுங்களைத்தான் விக்கணும். வெளையலேன்னா ஆடும் இல்ல, காடும் இல்ல."

ஊருக்கெல்லாம் சரளமாக வந்த வார்த்தை தங்கைக்கு வரவில்லை. பொய் சொல்கிறோம் என்று தெரிந்தாலாவது மனுஷன் நிம்மதியாகப் பொய் சொல்லலாம். கிருஷ்ணப்பனுக்கு அது பொய்யா மெய்யா என்றே தெரியாது. உரம் நிஜமாகவே நல்ல உரமாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே காட்டை அவரே வாயை மூடிக்கொண்டு பாழாக்கியிருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கொஞ்ச நாள் பொறு. பாத்துட்டுச் சொல்றேன்" என்று அவளை அனுப்பினார்.

வீட்டுப் புழக்கடையில் இரண்டு பாத்தி கட்டினார். இரண்டிலும் தண்டுக்கீரை. ஒன்றுக்கு மட்டும் உரம். இந்தத் தடவை மேரை இல்லை, ஆபீசர் இல்லை, ஏஜென்சி இல்லை. மனைவி வெள்ளையம்மாவிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "ரெண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணி ஊத்து. நஞ்சம்மாவுக்காகப் பாக்கறேன்."

கடை வேலையில் அவர் புழக்கடைப் பக்கம் அதிகம் போகவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தபோது உரம் போட்ட பாத்தியில் கீரை தளதளவென்று நின்றது, அடுத்த பாத்தி அதன் பாதிகூட இல்லை. கிருஷ்ணப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உரம் நல்ல உரம்தான். தான் ஊரை ஏமாற்றவில்லை. உடனே தங்கைக்கு ஆள் அனுப்பினார். அவள் ஆடுகளைச் சந்தையில் சாந்த் பாஷாவுக்கு விற்றாள். பாய்க்கு அப்போது புண்ணாக்கு வியாபாரம் படுத்துவிட்டதால் ஆட்டு வியாபாரத்தில் இறங்கியிருந்தார். நஞ்சம்மா மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அன்று சாப்பாட்டுக்கு அந்தக் கீரைதான். பரிமாறிக்கொண்டே வெள்ளையம்மா சொன்னாள்.

"மொதல்ல உப்பு போட்ட பாத்தி ஓரமெல்லாம் கருகிப்போச்சு. உங்க தங்கச்சி வந்து பாத்தா கடைக்காரர் மானம் இன்னா ஆவறது? கருகினதைப் புடுங்கிட்டு பக்கத்து வீட்டு வெங்கடம்மா கீரையைக் கொண்டாந்து நட்டேன். சாணித் தண்ணியும் ஊத்தினேன்."

"யாரு உன்னை ஊத்தச் சொன்னாங்க?"

"இதெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா?" என்றாள் வெள்ளையம்மா. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

கிருஷ்ணப்பன் பிசைந்த களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவளைத் திட்டவும் முடியவில்லை. கருகியதை வைத்து உரம் கெட்டது என்றும் சொல்ல முடியாது, அவர் கைப்பிடியாக அள்ளிப் போட்டது அதிகமாக இருந்திருக்கலாம். தங்கையிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்றால், சொல்வதற்கு உண்மை என்று ஒன்று கையில் இல்லை.

நேரே சாந்த் பாஷாவிடம் போனார். மந்தையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

"இன்னா கவுண்டரே, உரக்கடை வச்சிருக்கறவரு ஆட்டுப் புழுக்கையை நம்ப ஆரம்பிச்சுட்டீங்களா?"

கிருஷ்ணப்பனுக்கு யாரிடமாவது கொட்டித் தீர வேண்டியிருந்தது. களத்தில் நடந்தது முழுவதையும் சொன்னார். தான் கிளப்பிவிட்ட வதந்திதான் உரத்தை ஜெயிக்க வைத்தது என்று தெரிந்ததும் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்போ ஏஜென்சியில பாதி எனக்குச் சேரணும். நான் புண்ணாக்கு விக்கறவன் கவுண்டரே. உரத்தைப் பத்தி நல்லதாவா சொல்வேன்? என் பேச்சை நம்பினது ஊரோட தப்பு."

அந்த விவகாரத்தில் மனசில் இருந்ததை மறைக்காமல் சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆடுகளை லாபம் வைத்துத்தான் கொடுத்தார்.

கிருஷ்ணப்பன் மந்தையைத் தங்கையின் காட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனார். "நம்ம தோப்புல எடம் இல்ல. மழை வரைக்கும் உங் காட்டுல அடைச்சு வைம்மா" என்றார். நஞ்சம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அண்ணன் ஆடு, அவள் காடு. விதைக்கும் வரை மந்தை அந்தக் காட்டில்தான் கிடந்து எரு போட்டது. உரம் பொய்த்தாலும் தங்கை பிழைத்துக்கொள்வாள் என்று கிருஷ்ணப்பன் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த வருஷம் மழையும் கூடி வந்தது. நஞ்சம்மாவின் காட்டில் விளைந்ததுபோல் அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளையவில்லை. செய்தி மெட்ராஸ் வரை எட்டியது. பழைய ஆபீசரே ஜீப்பில் வந்து இறங்கினார், இப்போது ஆண் குழந்தைக்குத் தகப்பன்.

"என்னம்மா போட்டீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கண்ணன் குடுத்த உரந்தாங்க. வேற ஒண்ணும் போடல."

அவள் பொய் சொல்லவில்லை. காட்டில் ஆடு அடைப்பது வருஷா வருஷம் நடக்கிற காரியம். களை எடுத்ததை, கதிர் அறுத்ததைச் சொல்லாததுபோல் அதையும் சொல்லவில்லை. பக்கத்தில் கிருஷ்ணப்பன் நின்றார். வாத்தியார் கோட்டு இந்தத் தடவையும் அவர் மேல் இருந்தது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தார்.

அடுத்த சந்தையன்று கடை வாசலில் ஒரே ஆட்டுச் சத்தம். கிருஷ்ணப்பன் எட்டிப் பார்த்தார். தங்கையின் ஊர்க்காரர்கள் மந்தை மந்தையாக ஓட்டி வந்திருந்தார்கள். சாந்த் பாஷா ஒவ்வொரு ஆடாக முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சம்மா முன்னால் நின்றாள்.

"ஊரே மூட்டை எடுக்க வந்திருக்குது அண்ணா. கொஞ்சம் தயங்கினாங்க. எங்கண்ணன் எங்கிட்ட பொய் சொல்லாது, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்துதுன்னு நாந்தான் சொல்லிக் கூட்டியாந்தேன்."

கிருஷ்ணப்பன் அவளைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"எத்தனை மூட்டைம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.