தழும்புக்குச் சான்றிதழ் கிடையாது

ராணுவத்தில் சேரத் தயாராவது சம்பளம் இல்லாத முழுநேர வேலை. உடம்பை வீட்டில் வைத்துவிட்டு எங்கும் போக முடியாது என்பதால் அதில் விடுமுறையும் இல்லை. நான் அந்த வேலையைச் சில வருடங்கள் பார்த்தேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். நொச்சிக்குப்பத்தில் அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்தார். ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் தாண்டியாயிற்று. மிச்சம் மருத்துவப் பரிசோதனை. வயது வரம்பின்படி அதுவே கடைசி வாய்ப்பு. அதற்காக உள்ளாடையோடு வரிசையில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், மற்றவர்களுக்கும் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.

ஈர மணல்

காலையில் கடற்கரையில் ஓடுவோம். ஓடி முடித்ததும் ஈர மணலில் கால் பதித்து, யாருக்குத் தட்டைப் பாதம் என்று பார்ப்போம். முட்டி இடிக்கிறதா, காதில் அழுக்கு இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் சோதிப்போம். மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு கவனமாகப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்.

ஒருநாள் சட்டையைக் கழற்றியபோது, என்னோடு ஓடும் தீனா என் தொப்புளுக்கு மேலே இருந்த இரண்டு தழும்புகளைக் காட்டி என்ன என்று கேட்டான். குழந்தையாக இருந்தபோது படகு இடித்தது என்று அம்மா எனக்குச் சொன்னதையே சொன்னேன். தீனா குனிந்து பார்த்தான். "படகு இடிச்சா நீளமா கிழிக்கும் மச்சி. இது இன்னா, ரெண்டு பக்கமும் பொட்டு வெச்ச மாறி கீது?"

அரிவாள்மணை நின்றது

அன்றே அம்மாவிடம் கேட்டேன். சாலையோரம் உட்கார்ந்து சங்கரா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. "சொரம் அடிச்சா ஒனக்கு இழுத்துக்கும்டா. கண்ணு மேல சொருவிக்கும், கை கால் வெட்டும். நாலு தபா வந்துச்சு. மஞ்சக்கொம்ப நெருப்புல சுட்டு வயித்துல வெச்சோம், அப்பால வரவேயில்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையாம்மா?"

"உங்கப்பா கடல்ல. நாலு பொம்பளைங்க உன்ன அமுக்கிப் புடிச்சிக்கினாங்க, நான்தான் சூடு வெச்சேன்." மறுபடி வெட்ட ஆரம்பித்தார். எனக்கு எப்போதோ வலிப்பு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரியும். ராணுவத்தில் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. என் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "இத்த போயி அங்க சொல்லிக்கினு நிக்காத நைனா. படகுன்னே சொல்லு."

ஒரே குரல்

தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் எங்கள் பயிற்சி மையம். அங்கே மருத்துவப் பரிசோதனைக்கும் ஒத்திகை உண்டு. மாஸ்டர் நோய்களின் பெயரை வாசிப்பார், நாங்கள் இருபது பேரும் சேர்ந்து கத்த வேண்டும். "ஆஸ்துமா?" "நோ சார்!" "காசநோய்?" "நோ சார்!" "வலிப்பு?" "நோ சார்!" கீழே துணிக்கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். வலிப்புக்கு மட்டும் நான் வாயை அசைத்தேன், சத்தம் வரவில்லை. மறைத்தது பின்னால் தெரிந்தால் வேலையை விட்டே அனுப்புவார்கள் என்று சொல்லிக் கொடுத்தவரும் அதே மாஸ்டர்தான்.

ஒருநாள் அதே வேகத்தில் அவர், "ஆர்மியில் சேர விருப்பமா?" என்று கேட்டார். "நோ சார்!" என்று மாடி அதிர்ந்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவாயில்லடா. இது ஒண்ணுதான் நீங்க யோசிச்சுச் சொன்ன பதில்."

இப்போதும் அப்போதும்

மயிலாப்பூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். வயதானவர், அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார். மூளைக்கு எடுத்த சோதனையில் குறை ஒன்றும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சலோடு மட்டும் வரும் வலிப்பு வேறு, பெரியவனான பிறகும் தொடர்கிற வலிப்பு நோய் வேறு என்று விளக்கினார். எனக்கு உயிர் வந்தது. எனக்கு வந்தது காய்ச்சல் வலிப்புதான் என்று எழுதித் தாருங்கள் என்றேன்.

அப்போது பார்த்த டாக்டர் யார் என்று கேட்டார். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார், தொடவில்லை. "இப்ப நன்னா இருக்கேன்னு தாராளமா எழுதித் தரேன். அப்ப ஜுரம் இருந்துதா, எத்தனை நாழி இழுத்துதுன்னு யார் பார்த்தா, உங்க அம்மாவைத் தவிர?"

திரைக்குப் பின்னால்

வெளியூர் ராணுவ மருத்துவமனை. திரைக்குப் பின்னால் டாக்டரும், மதுரைக்கார உதவியாளர் ஒருவரும். டாக்டர் வடக்கத்தியர், நல்ல மாதிரி. என் முகவரியையும் தழும்பையும் பார்த்துவிட்டு, "மீனவக் குடும்பமா? படகில் அடிபட்டதா?" என்று அவராகவே கேட்டார். பேனா தாளில் இறங்கிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினால் போதும்.

அப்போது எனக்கு நாடு நினைவுக்கு வரவில்லை. எனக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு படுத்திருக்கப் போகும், இன்னும் முகம் தெரியாத ஒருவன்தான் நினைவுக்கு வந்தான். எங்கோ ஒரு மலையில் எனக்குக் காய்ச்சல் அடித்தால் அவன் என்ன செய்வான்? "இல்லை சார்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு, ஆதாரம் இருக்கிறதா என்று மூன்று விதமாகக் கேட்டார். எனக்கு உதவத்தான் கேட்டார் என்று இன்றும் நம்புகிறேன். மயிலாப்பூர் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். அது இன்றைய உடம்புக்குத்தான் செல்லும், அன்றைய வலிப்புக்கு அல்ல.

தகுதியில்லை என்று வந்தது. மேல்முறையீட்டிலும் அதே பதில். முதல் பரிசோதனை முடிந்த அன்றே, என் சட்டையை எடுத்து நீட்டும்போது உதவியாளர் மெல்லச் சொல்லியிருந்தார். "அவரு படகுன்னு எழுதத்தான் போனாரு தம்பி. கையப் புடிச்சு நிறுத்துனது நீங்க."

பழைய வாடிக்கை

அம்மா ஒரே கேள்விதான் கேட்டார், அவர்களாகக் கண்டுபிடித்தார்களா, நானாகச் சொன்னேனா என்று. நானாகத்தான் சொன்னேன் என்றேன். திட்டவில்லை. அதற்குப் பிறகு என் வயிற்றுப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் சட்டை மாற்றினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

போன ஞாயிறு கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பல வருடமாக வஞ்சிரம் வாங்கும் ஓர் அம்மா வந்து, "உங்க பையன் மிலிட்டரி ஆபீசராமே, இன்னும் கிளம்பலையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தலை நிமிராமல் சொன்னார். "அவன் மேல ஒரு கொறையும் இல்லக்கா, நான் வெச்ச சூடுதான் காட்டிக் குட்த்துட்ச்சு."

மறைத்திருந்தால் என் தூக்கம் போயிருக்கும், சொன்னதால் வேலை போயிற்று; இப்போது எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது, விடிந்ததும் எழுந்து போகத்தான் ஓர் இடம் இல்லை.